மருந்து எட்டும் இடமும் எட்டாத இடமும்

(யாழ்ப்பாணத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செம்மைப்படுத்திய எழுத்து வடிவம்)



அறிவியலைத் தமிழில் பேச வேண்டும் என்பது இந்த அறக்கட்டளையின் நோக்கம். இந்த மண்ணுக்கு அது பழக்கமான நோக்கம். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைப் பிற்காலத்தில் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்றியலும் இரண வைத்தியமும் மகப்பேற்று மருத்துவமும் அவருடைய முயற்சியால் தமிழ் நூல்களாயின. அவர் மறைந்தது 1884 இல். அதே ஆண்டில் ஜேர்மனியில் ஜோர்ஜ் கவ்கி என்பவர் நெருப்புக்காய்ச்சலை உண்டாக்கும் பற்றீரியாவை முதன்முதலாகத் தூய வளர்ப்பாகப் பிரித்தெடுத்தார். ஆகவே கிறீனின் மாணவர்கள் காய்ச்சலை நன்றாக அறிந்திருந்தார்கள். அதன் கிருமியை அறிய அவர்களுக்கு வழி இருக்கவில்லை. நமக்குக் கிருமியின் பெயர் தெரியும், மரபணு வரிசையும் தெரியும். அவர்களைவிட ஒரு படி மேலே நிற்கும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்தக் கிருமி நோயாளியின் உடலில் எங்கே குடியிருக்கிறது?

இன்று நான் நிறுவ விரும்பும் கருத்து இதுதான். ஒரு தொற்றைப் புரிந்துகொள்ளக் கிருமியின் பெயரை அறிவதோடு, அது கலத்துக்கு வெளியே வாழ்கிறதா, உள்ளே வாழ்கிறதா, உள்ளே என்றால் எந்தப் பகுதியில் வாழ்கிறது என்பதையும் அறிய வேண்டும். அந்த இருப்பிடத்தை நமக்குக் காட்டித் தந்த கருவிகளுள் முக்கியமானது நுண்ணுயிர்க்கொல்லி மருந்து. அம்மருந்து எங்கே போகும் என்பதைப் போலவே எங்கே போகாது என்பதும் ஆராய்ச்சியாளருக்கு அரிய தகவல். கட்டிலருகே நிற்கும் வைத்தியருக்கும் அப்படியே. இதனை ஆறு குறிப்புகளாக விரிக்கிறேன்.

1. ஒரே மாரி, மூன்று இருப்பிடங்கள்

ஐப்பசி, கார்த்திகையில் வடகீழ்ப் பருவமழை இறங்குகிறது. அதைத் தொடர்ந்து வரும் மாதங்களில் நம்முடைய வைத்தியசாலைகளின் விடுதிகள் காய்ச்சல்காரரால் நிரம்புகின்றன. அக்காய்ச்சல்களுள் டெங்கு வைரசால் வருவது. அதை இன்று ஒதுக்கி வைக்கிறேன். பற்றீரியாவால் வரும் மூன்று காய்ச்சல்களை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முதலாவது எலிக்காய்ச்சல். 2024 டிசம்பரில், பெருமழை வெள்ளத்துக்குப் பின் யாழ்ப்பாண மாவட்டத்தில் பரவி உயிர்களைப் பறித்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எலி முதலான விலங்குகளின் சிறுநீர் கலந்த சேற்றிலும் வயல் நீரிலும் இருந்து, காலிலுள்ள வெடிப்பு, கீறல் வழியாக லெப்ரோஸ்பைரா என்ற சுருள் பற்றீரியா உடலுக்குள் வருகிறது. திசுக்களை ஊடுருவிச் செல்லும் ஆற்றல் அதற்கு உண்டு. ஆயினும் பெரும்பாலும் கலங்களுக்கு வெளியே, குருதியிலும் திசு இடைவெளிகளிலுமே அது பெருகுகிறது.

இரண்டாவது நெருப்புக்காய்ச்சல். குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தேங்கும் மழைநீரே நமக்குக் கிணற்று நீர். நெருங்கிய குடியிருப்புகளில் மலகூடக் குழியும் கிணறும் அருகருகே அமைந்துவிடும்போது, மண் வடிகட்ட நேரமில்லாமல் அசுத்தம் அந்த வெடிப்புகள் வழியே கிணற்றைச் சேர்கிறது. இலங்கையில் நெருப்புக்காய்ச்சல் மிகுந்த மாவட்டமாக யாழ்ப்பாணம் நீண்ட காலம் இருந்து வந்ததற்கு இந்த நிலவியல் ஒரு காரணம். சுத்தமற்ற கைகளால் பரிமாறப்படும் உணவு மற்றொன்று. நெருப்புக்காய்ச்சலின் பற்றீரியாவான சல்மொனெல்லா ரைபி மனிதரிடம் மட்டுமே வாழ்வது. குடற்சுவரைத் தாண்டி, நம்மைக் காக்க வேண்டிய பெருவிழுங்கிக் கலங்களுக்குள்ளேயே குடியேறி, ஈரல், மண்ணீரல், எலும்பு மச்சை வரை சென்றுவிடுகிறது.

மூன்றாவது உண்ணிக்காய்ச்சல். போருக்குப் பின் மக்கள் மீளக் குடியேறிய காணிகளில் பற்றைக்காடு மண்டிக் கிடந்தது. அத்தகைய பற்றைகளில் வாழும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிற்றுண்ணியின் குடம்பி கடிக்கும்போது ஒரியென்சியா சுட்சுகமுஷி என்ற பற்றீரியா உடலில் ஏறுகிறது. வடபகுதியில் இந்நோய் தலைதூக்கி வருவதை யாழ்ப்பாண ஆய்வாளர்கள் 2014 இல் ஆய்விதழில் பதிவு செய்தார்கள். இந்தப் பற்றீரியாவால் கலத்துக்கு வெளியே பெருகவே முடியாது. ஆய்வுகூடத்தின் எந்த வளர்ப்பூடகத் தட்டிலும் அது வளராது. உயிருள்ள கலம் வேண்டும்.

மூன்றும் காய்ச்சல், தலையிடி, உடல்நோ என்றே தொடங்குகின்றன. இருப்பிடமோ மூன்றுக்கும் வேறு. எலிக்காய்ச்சல் கிருமி கலத்துக்கு வெளியே. நெருப்புக்காய்ச்சல் கிருமி கலத்துக்குள்ளே, மென்சவ்வு சூழ்ந்த ஒரு புன்வெற்றிடத்தில். உண்ணிக்காய்ச்சல் கிருமி அத்தகைய சவ்வையும் கடந்து நேரடியாகக் குழியவுருவில். இந்த வேறுபாடுதான் இனி நான் சொல்லப்போகும் அனைத்துக்கும் அடித்தளம்.

2. கலம் தானே விழுங்கும்படி செய்தல்

பெருவிழுங்கிகள் கிருமிகளை விழுங்குவது இயல்பு. அது அவற்றின் தொழில். குடலின் மேலணிக் கலத்துக்கு அந்தத் தொழில் இல்லை. அப்படியிருக்க சல்மொனெல்லா அதற்குள் எப்படிப் போகிறது? 1967 இல் அக்கியோ தக்கெயுச்சி கினிப்பன்றியின் குடலை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து, பற்றீரியா நெருங்கிய இடத்தில் கல மேற்பரப்பு குலைந்து, பின்னர் பற்றீரியா உள்ளே காணப்படுவதைப் படமாகத் தந்தார். அது எவ்வாறு நிகழ்கிறது என்பது பின்வந்த சில பத்தாண்டுகளில் விளங்கியது.

சல்மொனெல்லாவிடம் ஊசி போன்ற ஒரு புரத அமைப்பு உண்டு. அதை மூன்றாம் வகைச் சுரப்புத் தொகுதி என்கிறோம். அதன் வழியாகப் பற்றீரியா தன் புரதங்கள் சிலவற்றைக் கலத்துக்குள் செலுத்துகிறது. அவை கலத்தின் அக்ரின் இழைகளை ஆளும் ஆளிகளை இயக்கிவிடுகின்றன. கல மேற்பரப்பு சில நிமிடங்களில் மடிப்பு மடிப்பாக எழும்பிப் பற்றீரியாவைச் சூழ்ந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. 1999 இல் பூ, ஹோர்ஹே கலான் என்ற ஆய்வாளர்கள் இருவரும் மேலும் ஒன்றைக் காட்டினார்கள். நுழைந்த பின் அந்த ஆளிகளை மீண்டும் அணைத்து, கலத்தின் உருவத்தைப் பழையபடி மீட்கும் புரதம் ஒன்றையும் சல்மொனெல்லா செலுத்துகிறது. கலம் அழிந்தால் தங்க இடமில்லை. ஆகவே அந்தக் கலத்தைப் பேணுவதும் அதன் வேலையாகிறது.

ஒரியென்சியா வேறு வழியைப் பின்பற்றுகிறது. கலத்தின் வெளிப்புறத்திலுள்ள பைபுரோனெக்ரின் என்ற புரதத்தைத் தன் மேற்பரப்புப் புரதத்தால் பற்றி, கல ஏற்பிகளைத் தூண்டி உள்ளே எடுக்கப்படுகிறது. பின்னர் தன்னைச் சூழ்ந்த சவ்விலிருந்து தப்பி, கலத்தின் நுண்குழாய்கள் வழியே கருவை அண்டிய இடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கே பெருகுகிறது.

3. நுழையாத மருந்தின் பயன்

இந்த நுழைவு வழிகளை அறிய ஓர் அடிப்படைச் சிக்கலைத் தீர்க்க வேண்டியிருந்தது. கலங்களோடு பற்றீரியாவைச் சேர்த்தபின் நுணுக்குக்காட்டியில் பார்த்தால், உள்ளே போனவையும் மேலே ஒட்டி நிற்பவையும் ஒன்றாகத்தான் தெரியும். கழுவினாலும் ஒட்டியவை முழுவதும் போகா. எத்தனை உள்ளே போயின என்று எப்படி எண்ணுவது?

விடை ஜென்ராமைசின் என்ற மருந்திலிருந்து வந்தது. 1963 இல் அறிவிக்கப்பட்ட இம்மருந்து மண்வாழ் நுண்ணுயிரான மைக்குரோமொனொஸ்போரா உண்டாக்குவது. பற்றீரியாவின் இறைபோசோமைப் பற்றிப் புரத உற்பத்தியைக் குலைத்துக் கொல்லும். ஆனால் அது நேரேற்றம் மிகுந்த, நீரை நாடும் மூலக்கூறு. நம்முடைய கலங்களின் கொழுப்புச் சவ்வை எளிதில் கடக்காது. சிறிதளவு மெல்ல உள்ளெடுக்கப்பட்டாலும் அமிலத் தன்மையுள்ள சிறு பைகளில் முடங்கி வலுவிழக்கிறது. சிகிச்சையில் இது குறைபாடு. ஆய்வுகூடத்தில் இதுவே பயன்.

செய்முறை எளியது. தட்டில் ஒற்றைப் படையாக வளர்த்த கலங்களின் மேல் பற்றீரியாவை இட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரம் விட வேண்டும். கழுவியபின் மில்லிலீற்றருக்கு 100 மைக்குரோகிராம் அளவில் ஜென்ராமைசின் சேர்த்து ஒரு மணி நேரம் வைப்பது வழக்கம். வெளியே உள்ளவை இறந்துவிடும். மருந்தைக் கழுவி நீக்கி, மென்மையான சவர்க்காரக் கரைசலால் கலங்களை மட்டும் உடைத்து, வெளிப்படும் பற்றீரியாவை வளர்ப்பூடகத் தட்டில் பரப்ப வேண்டும். மறுநாள் தோன்றும் ஒவ்வொரு கூட்டமும் கலத்துக்குள் தப்பியிருந்த ஒரு பற்றீரியாவின் சந்ததி. பெருமழை ஓய்ந்தபின் நனையாமல் வருகிறவரைப் பார்த்து, கூரைக்குள் இருந்தவர் என்று நாம் அறிவதைப் போன்ற தருக்கம் இது. பத்து இலட்சம் பற்றீரியா இட்டுப் பத்தாயிரம் மீண்டால் நுழைந்தவை நூற்றுக்கு ஒன்று எனக் கணக்கிடுவோம்.

மாணவர்களுக்கு இங்கே ஒன்றை வலியுறுத்த வேண்டும். இந்தச் சோதனையின் நம்பகம் அதன் ஒப்பீடுகளில் இருக்கிறது. நுழையும் ஆற்றலற்ற சாதாரண ஆய்வுகூட ஈ.கோலி பற்றீரியாவை அதே தட்டுக்களில் சோதிக்க வேண்டும். அதில் கூட்டங்கள் மிகுதியாகத் தோன்றினால் மருந்து போதவில்லை. அக்ரின் இழைகள் உருவாவதைத் தடுக்கும் சைற்றோகலசின் சேர்த்தால் நுழைவு குறைய வேண்டும். குறையாவிட்டால் நாம் எண்ணியது நுழைவு அல்ல. பற்றீரியா ஜென்ராமைசினுக்கு எதிர்ப்புடையதாயிருந்தால் இம்முறை பயன்படாது. இலங்கையில் இப்போது கவனம் பெற்றுவரும் மெலியோயிடோசிஸ் நோயின் கிருமி அத்தகையது. அதற்கு வேறு மருந்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

4. இம்முறை திறந்த கேள்விகள்

நுழைவை எண்ண முடிந்ததும், நுழைவுக்குக் காரணமான மரபணுவைத் தேட முடிந்தது. 1985 இல் றல்ப் இஸ்பேர்க்கும் ஸ்ரான்லி போக்கோவும் யேர்சினியா என்ற பற்றீரியாவின் ஒரு மரபணுத் துண்டை, நுழையத் தெரியாத ஈ.கோலிக்கு மாற்றினார்கள். அந்த ஈ.கோலி கலங்களுக்குள் நுழையத் தொடங்கியது. ஒரு தனி மரபணுவே இவ்வளவு செய்யும் என்று காட்டியதால், நுழைவு மரபணுவியலின் ஆய்வுப்பொருளாயிற்று.

1989 இல் ஹோர்ஹே கலானும் றோய் கேர்ட்டிசும் சல்மொனெல்லாவின் நுழைவு மரபணுக்களை இனங்கண்டார்கள். அவை பழுதுபட்ட பற்றீரியா கலத்தின்மேல் ஒட்டியது, உள்ளே செல்லவில்லை. அதை எலிக்கு வாய்வழி கொடுத்தபோது நோயுண்டாக்கும் வலு குறைந்தது. வயிற்றறைக்குள் ஊசியால் செலுத்தியபோது வலு குறையவில்லை. குடற்சுவரைக் கடப்பதற்கே அந்த மரபணுக்கள் வேண்டும். கடந்தபின் பெருகுவதற்கு வேறு ஏற்பாடுகள் உண்டு என்பது இதனால் தெளிவாயிற்று. தட்டில் எண்ணிய கூட்டங்களும் உடலில் நிகழும் நோயும் ஒன்றையொன்று விளக்கிய ஆய்வு இது.

உள்ளே சென்றபின் எங்கே இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. இதற்கு உதவியது நம் முன்னோரின் தலைமுறை மலேரியாவுக்காக விழுங்கிய குளோரோகுயின். அது சவ்வுகளைக் கடந்து அமிலப் புன்வெற்றிடங்களுக்குள் சென்று அங்கே சிறைப்பட்டுச் செறிகிறது. செறிவு கூடும்போது அங்குள்ள பற்றீரியா இறக்கிறது. குழியவுருவில் உள்ளவை பிழைக்கின்றன. ஆகவே ஜென்ராமைசின் மட்டும் இட்ட தட்டையும் குளோரோகுயினும் சேர்த்த தட்டையும் ஒப்பிட்டால், புன்வெற்றிடத்தில் எவ்வளவு, குழியவுருவில் எவ்வளவு என்று பிரிக்கலாம். சல்மொனெல்லாவில் ஒரு பகுதி சில மேலணிக் கலங்களில் புன்வெற்றிடத்தை விட்டு வெளியேறிப் பெருகுகிறது என்பதை அளக்க இவ்வழி பயன்பட்டது.

ஒரியென்சியா போன்று தட்டில் வளராதவற்றுக்குக் கூட்டங்களை எண்ண இயலாது. டிஎன்ஏயின் அளவைக் கொண்டே கணிக்கிறோம். அங்கும் மருந்துகள் துணை செய்கின்றன. நமது கலத்தின் புரத உற்பத்தியைச் சைக்குளோகெக்சிமைட் நிறுத்தும். பற்றீரியாவின் உற்பத்தியைத் தொடாது. அந்த நிலையில் புதிதாக உருவாகும் புரதங்கள் பற்றீரியாவுக்கு உரியவை என்று கொள்ளலாம். மாறாகக் குளோரம்பெனிக்கோல் பற்றீரியாவின் உற்பத்தியை நிறுத்தும். இரண்டு உயிர்கள் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கையில் எது எதன் செயல் என்று பிரித்தறிய இவ்விரு மருந்துகளும் வழி தந்தன.

5. ஆய்வுகூடத்திலிருந்து கட்டிலருகே

1948 இல் ஜோசப் ஸ்மடெல், தியடோர் வூட்வேட் முதலான அமெரிக்க ஆய்வாளர்கள் புதிதாகக் கண்டறிந்த குளோரம்பெனிக்கோலை எடுத்துக்கொண்டு கோலாலம்பூர் சென்றார்கள். யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பல தலைமுறையாகத் தொழில் தேடிச் சென்ற அதே மலாயா. அவர்கள் போனது உண்ணிக்காய்ச்சலுக்குச் சிகிச்சை தேடி. மருந்து பலித்தது. அத்தோடு, உண்ணிக்காய்ச்சல் என்று கருதி மருந்து கொடுக்கப்பட்டவர்களிடையே நெருப்புக்காய்ச்சல்காரர் இருந்தது பின்னர் தெரியவந்தது, அவர்களும் தேறினார்கள். வாரக்கணக்காக எரித்த நெருப்புக்காய்ச்சலுக்கு முதல் நல்ல மருந்து இப்படித்தான் கிடைத்தது. இரண்டு நோய்களும் ஒரே மருந்துக்கு இணங்கியதில் நம் கருத்துக்குரிய சான்று இருக்கிறது: குளோரம்பெனிக்கோல் கலங்களின் சவ்வைக் கடக்கும்.

இதற்கு நேர்மாறானது ஜென்ராமைசின். ஆய்வுகூடத் தட்டில் சல்மொனெல்லா ரைபி அதற்கு எளிதாக இறக்கிறது. நோயாளிக்குக் கொடுத்தால் குணம் கிடைப்பதில்லை. அதனாலேயே, தட்டில் பலித்தாலும் சல்மொனெல்லாவுக்கு ஜென்ராமைசின் ஏற்றது என்று அறிக்கையிடக் கூடாது என்று சர்வதேச ஆய்வுகூட வழிகாட்டிகள் சொல்கின்றன. தட்டில் கூரை இல்லை. நோயாளியின் உடலில் இருக்கிறது. மாறாக அசித்திரோமைசின் குருதியில் இருப்பதைவிடப் பன்மடங்கு கலங்களுக்குள் செறிகிறது; நெருப்புக்காய்ச்சலில் அதன் பெறுமதி அங்கேயே உள்ளது.

மாரிகால விடுதிக்கு வருவோம். பெனிசிலின், செப்ட்ரியாக்சோன் போன்றவை எலிக்காய்ச்சலுக்கு உதவும். கிருமி வெளியே இருக்கிறது. உண்ணிக்காய்ச்சலுக்கு அவை உதவா. கிருமி குழியவுருவில் இருக்கிறது. அம்மருந்துகள் தாக்கும் கலச்சுவர்ப் பொருளும் ஒரியென்சியாவில் மிகச் சொற்பம். டொக்சிசைக்கிளின் கொடுத்தால் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு நாட்களுக்குள் காய்ச்சல் தணிகிறது. தமிழ்நாட்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஜோர்ஜ் வர்கீஸ் தலைமையில் இந்தியாவின் பல வைத்தியசாலைகளில் நடந்த ஆய்வு 2023 இல் வெளியாயிற்று. கடுமையான உண்ணிக்காய்ச்சலுக்கு டொக்சிசைக்கிளின், அசித்திரோமைசின் இரண்டையும் நாளம் வழியே சேர்த்துக் கொடுத்தவர்களில் இறப்பு, நீடித்த காய்ச்சல், தொடரும் சிக்கல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றைச் சந்தித்தவர்கள் நூற்றுக்கு 33 பேர். ஒரு மருந்தை மட்டும் பெற்றவர்களில் அது 47, 48. இறப்பு எண்ணிக்கையில் மட்டும் குழுக்களிடையே வேறுபாடு காணப்படவில்லை. இரண்டும் கலத்துக்குள் சென்று, பற்றீரியாவின் இறைபோசோமை வெவ்வேறு இடங்களில் பற்றும் மருந்துகள்.

6. கலத்துக்குள் உறங்குபவையும் நம் கடமைகளும்

மருந்து எட்டுவது மட்டும் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2014 இல் சோபி ஹெலேன், டேவிட் ஹோல்டன் குழுவினர், பெருவிழுங்கிகளுக்குள் சென்ற சல்மொனெல்லாவில் ஒரு பகுதி பெருகாமல் அடங்கியிருப்பதையும், மருந்துக்கு எதிர்ப்பு மரபணு இல்லாமலே மருந்தைத் தாங்கிப் பிழைப்பதையும் காட்டினார்கள். மருந்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள் என்று நோயாளியிடம் சொல்வதற்கு இத்தகைய ஆய்வுகள் காரணம் தருகின்றன.

அத்துடன் எதிர்ப்பும் வளர்கிறது. கோலாலம்பூரில் வென்ற குளோரம்பெனிக்கோல் 1972 இல் கேரளத்தின் கோழிக்கோட்டிலும் மெக்சிக்கோவிலும் நெருப்புக்காய்ச்சலிடம் தோற்றது. 2016 முதல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் பரவிய வகை, செப்ட்ரியாக்சோன் உட்படப் பெரும்பாலான மருந்துகளை வென்றுவிட்டது. வாயால் கொடுக்க எஞ்சியது அசித்திரோமைசின். கலத்துக்குள் எட்டும் மருந்துகள் சிலவே. சாதாரண தடிமனுக்கு அவற்றை வாங்கி விழுங்குவது, நாளைய நெருப்புக்காய்ச்சல் நோயாளியின் மருந்தை இன்றே செலவழிப்பதாகும்.

ஆகவே மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறேன்.

இளம் வைத்தியர்களுக்கு: மாரிகாலக் காய்ச்சல் பெனிசிலின் வகை மருந்துக்கு இணங்காதபோது, மருந்தின் அளவைக் கூட்டும் முன் கிருமியின் இருப்பிடத்தை யோசியுங்கள். அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு ஆகியவற்றில் கருகிய சிறு வடுவைத் தேடுங்கள். அது நோவதில்லை, நோயாளி தானாகச் சொல்லமாட்டார்.

ஆய்வுகூடத்தினருக்கும் பல்கலைக்கழகத்துக்கும்: கலவளர்ப்பும் ஜென்ராமைசின் சோதனையும் வசதி படைத்த நாடுகளுக்கு மட்டும் உரியவை அல்ல. ஒழுங்கான அடைகாப்பியும், தூய்மையான அறையும், பொறுமையான கைகளும் இருந்தால் நம் மாணவர்களும் செய்யலாம். நம் கிணறுகளிலிருந்தும் நோயாளிகளிடமிருந்தும் கிடைக்கும் வகைகள் எப்படி நுழைகின்றன என்பதை ஆராயும் முதல் உரிமையும் முதல் பொறுப்பும் நமக்கே.

பொதுமக்களுக்கும் நிர்வாகத்துக்கும்: கலத்துக்குள் போன கிருமியைத் துரத்துவது எவ்வளவு கடினம் என்று இவ்வளவு நேரம் கேட்டீர்கள். வாய்க்குள் போகாமல் தடுப்பது அதைவிட மிக எளிது. 2024 இல் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது; குழாய்நீர் எட்டும் வீடுகள் கூடட்டும். எட்டாத வீடுகளில் நீரைக் கொதிக்கவைத்துக் குடிப்பதும், கிணற்றுக்கும் மலகூடக் குழிக்கும் இடையே உரிய தூரம் விடுவதும் தொடரட்டும். வயலில் இறங்குமுன் எலிக்காய்ச்சலுக்கான தடுப்பு மாத்திரையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுப் பெறுங்கள். பற்றை வெட்டிவிட்டு வந்தால் உடனே குளித்து உடை மாற்றுங்கள்.

நெருப்புக்காய்ச்சல் கிருமி தூய வளர்ப்பாகக் கிடைத்து 140 ஆண்டுகள் கடந்துவிட்டன. அது எங்கே ஒளிகிறது, எப்படி ஒளிகிறது, எந்த மருந்து அங்கே செல்லும் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். இவ்வளவு தெரிந்த ஒரு நோயால் இந்தக் குடாநாட்டில் ஒரு பிள்ளைகூட இறக்கக் கூடாது. அந்த அறிவை விடுதிக்கும் ஆய்வுகூடத்துக்கும் கிணற்றடிக்கும் கொண்டுபோவது, இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களே, உங்களுடைய தலைமுறையின் வேலை. அதை நீங்கள் செய்வீர்கள் என்ற முழு நம்பிக்கை எனக்கு உண்டு.